கள்ளி: ஒரு பெயரும் நான்கு குடும்பங்களும்

சேலம், நாமக்கல் சமவெளியில் போய்க் கள்ளியைக் காட்டுங்கள் என்று கேட்டால், ஒவ்வொருவர் கையும் வெவ்வேறு செடியை நோக்கி நீளும். கரட்டடியில் ஆடு மேய்ப்பவர், விளிம்பு விளிம்பாக எழுந்து முள் தாங்கிய சதுரக்கள்ளியைக் காட்டுவார். மேட்டாங்காட்டுக்காரர் தம் வேலியில் இலையே இல்லாமல் பச்சைக் குச்சிகளாகப் புதர்கட்டி நிற்கும் கொம்புக்கள்ளியைச் சொல்வார். சாலையோரத்துப் பிள்ளைகளுக்குக் கள்ளி என்றால் செம்பழம் பழுக்கும் சப்பாத்திக்கள்ளி. வீட்டு வாசலில் கைவைத்தியத்துக்காகத் தொட்டி வைத்திருக்கும் பாட்டி, தடித்த இலையுடைய ரணகள்ளியைக் காட்டுவார். பாறை இடுக்கில் விரல் உயரத்துக்கு எழும் ஒன்றைப் பிடுங்கி மென்றுகொண்டே, இது கள்ளிமுளையான் என்பார் இன்னொருவர்.

தாவரவியலாரிடம் இந்த ஐந்தையும் கொண்டுபோய் வைத்தால் நான்காகப் பிரித்துவிடுவார். முதல் இரண்டும் ஆமணக்குக் குடும்பம். சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டங்களின் கேக்டஸ் குடும்பம். ரணகள்ளி மடகாஸ்கரிலிருந்து வந்த கிராசுலேசி குடும்பத்தது. கள்ளிமுளையானுக்கு உறவு எருக்கு அடங்கிய குடும்பத்தில். ஆமணக்கும் கேக்டஸும் பொது முன்னோரை விட்டுப் பிரிந்து பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அப்படியிருக்க, இவை எல்லாம் எப்படி ஒரே பெயருக்குள் வந்து சேர்ந்தன? பெயர் வைத்தவர்கள் அறியாமல் குழப்பிவிட்டார்கள் என்று சொல்வது எளிது. அது சரியில்லை என்பதே என் கட்சி. வறண்ட நிலம் செடிகளை என்ன செய்தது என்பதை இந்தப் பெயர், தன் போக்கில், துல்லியமாகவே பதிந்து வைத்திருக்கிறது.

முதலில் சொல்லின் வேர். தமிழிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் இது கள்ளிதான். மூன்று மொழிக்கும் பொதுவான பழைய சொத்து என்று கொள்ளலாம். தெலுங்கு மட்டும் ஜெமுடு என்று தனி வழி போகிறது. களவு செய்பவள் என்ற பொருளிலும் கள்ளி உண்டு என்பதால் இரண்டையும் முடிச்சுப் போடுவார் உண்டு. கீறினால் வடியும் சாற்றை வைத்துக் கள் என்னும் சொல்லோடு சேர்ப்பாரும் உண்டு. களவுத் தொடர்பு வெறும் ஓசை ஒற்றுமை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்த ஓசை ஒற்றுமையைப் பழம்புலவர்கள் கவனிக்காமல் இல்லை. பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகைப் பாடல் ஒன்றில் (16ஆவது) கள்வர் தம் அம்பைச் சீர்செய்யும்போது நகநுனியில் எழும் ஓசையும், கள்ளிக்காட்டில் பல்லி தன் துணையை அழைக்கும் ஓசையும் அருகருகே வருகின்றன. வழிப்பறிக்காரனும் கள்ளியும் ஒரே நிலத்துக் குடிகள். பாலைப் பாடல்களில் பொருள் தேடிப் போகும் தலைவன் அந்த இரண்டையும் தாண்டித்தான் போக வேண்டும்.

சங்கப் பாடல்களின் கள்ளி எந்தச் செடி? இந்தக் கேள்விக்கு அந்தப் பாடல்களே விடை வைத்திருக்கின்றன. வெண்பூதியார் பாடிய குறுந்தொகை 174ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மழை கைவிட்ட வழி. அங்கே நிற்கும் கள்ளிக்கு முள் கவையாக இருக்கிறது. அதன் காய் படீரென வெடிக்கிறது. அந்த ஓசைக்கு, கூடியிருந்த புறாக்கள் வெருண்டு விலகுகின்றன. இரண்டே அடையாளம்தான். ஆனால் ஒரு செடியைக் கண்டுபிடிக்க அவை போதும்.

சதுரக்கள்ளியின் விளிம்பில் முட்கள் எப்போதும் இணை இணையாகவே நிற்கும். இலைக்காம்பின் இருபுறமும் பிற செடிகளில் இலையடிச் செதில்கள் இருக்குமே, அவையே இங்கே முள்ளாக மாறியிருக்கின்றன. அதனால்தான் இரண்டு. கவை என்ற சொல் அவ்வளவு பொருத்தம். சப்பாத்திக்கள்ளியில் அப்படியில்லை. பஞ்சுத் திட்டுப் போன்ற ஒரு புள்ளியிலிருந்து கற்றையாக முள் எழும், கூடவே கண்ணுக்குத் தெரியாத சுணையும் இருக்கும். காயும் அப்படித்தான். சதுரக்கள்ளியின் காய் மூன்று அறை கொண்டது. வெயிலில் காயக் காய அதன் சுவர்கள் முறுக்கிக்கொண்டு, ஒரு கணத்தில் தெறித்து விதையை வீசும். ஆமணக்கு முற்றிய காட்டில் உச்சிவெயிலில் நின்றவர்களுக்கு இந்த ஓசை தெரியும், ஏனென்றால் அதுவும் இதே குடும்பத்து மூன்றறைக் காய்தான். சப்பாத்திக்கள்ளியின் பழமோ சதைப்பற்றுள்ளது. அது வெடிக்காது. ஆக, புலவர் கண்டதும் கேட்டதும் சதுரக்கள்ளி அடங்கிய யூபோர்பியா பேரினத்துக் கள்ளியே. சங்கப் பாலையைப் படமாக வரைபவர் அதில் சப்பாத்திக்கள்ளியை நட்டால், கொலம்பசுக்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் முன்பே அமெரிக்கச் செடியைக் கொண்டுவந்துவிட்டார் என்று பொருள்.

கள்ளிக்குச் சுடுகாட்டோடும் பழைய உறவு. புறநானூற்றின் 356ஆம் பாடலில் களர்நிலமும் கள்ளியும் கூகையும் சேர்ந்தே ஈமக்காட்டை உருவாக்குகின்றன. காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டுப் பேய், கள்ளியின் கவட்டுக்கிடையில் காலை நீட்டிக்கொண்டு உட்காருகிறது. உழவுக்கு உதவாத நிலத்தில் பிணம் எரிப்பார்கள். அதே நிலத்தில்தான் கள்ளி தானாக நிற்கும். கள்ளி என்று தொடங்கும் ஊர்ப்பெயர்களைப் பார்த்தாலும் இந்த நிலம் தெரியும். கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கள்ளிப்பட்டி, திண்டுக்கல் மாவட்டத்துக் கள்ளிமந்தையம், மதுரை அருகே கள்ளிக்குடி, பெரும்பாலும் மானாவாரிப் பூமி. காவிரித் தாழ்நிலத்து நஞ்சை ஊர்கள் நெல்லையும் மருதையும் நாணலையும் பெயராக்கிக்கொண்டன.

இனி அந்த நிலம் செடியை என்ன செய்தது என்று பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கிறது நம் சமவெளி. மழையில் பெரும்பங்கு ஆடிக்குப் பிந்திய சில மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். தை முதல் சித்திரை வரை கரடுகளில் பாறை கொதிக்கும். இப்படிப்பட்ட இடத்தில் இலை வைத்திருப்பது செலவு, ஏனென்றால் இலைத்துளை திறந்தால்தான் கரியமிலவாயு உள்ளே வரும், திறந்தால் தண்ணீர் வெளியே போகும். ஆகவே கள்ளி இலையைக் கைவிட்டு, தண்டையே பச்சையாக்கி, அதிலேயே நீரையும் தேக்கியது. அதைவிடப் பெரிய மாற்றம், நேரத்தை மாற்றியது. பகலில் துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் திறந்து காற்றை வாங்கி, அதைப் புளிப்பு அமிலமாக உள்ளே சேமிக்கிறது. விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, சேமித்ததை எடுத்து வெயிலின் துணையோடு உணவாக்குகிறது.

யூபோர்பியா பேரினம் நாலரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஆப்பிரிக்காவில் கிளைத்தது என்று மரபணு ஒப்பீடுகள் காட்டுகின்றன. கேக்டஸ் குடும்பம் தென்னமெரிக்காவில் தோன்றி மூன்று, மூன்றரைக் கோடி ஆண்டு இருக்கலாம். இடையே ஒரு பெருங்கடல். இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. ஆனால் ஒரு கோடி ஆண்டு முதல் ஐம்பது லட்சம் ஆண்டு முன்பு வரையான காலத்தில் உலகம் வறண்டு, காற்றில் கரியமிலவாயு குறைந்தபோது கேக்டஸ் வெள்ளம்போல் பெருகியது. யூபோர்பியாவின் தண்டுக்கள்ளிகளும் தம் பங்குக்குப் பெருகின. இலை போனது, தண்டு பருத்தது, முள் வந்தது, இரவில் மூச்சுவிடும் பழக்கம் வந்தது. உறவில்லாத இரண்டு குடும்பங்கள் ஒரே விடையை எழுதின. இதை அறிவியலார் ஒருங்குபடிமலர்ச்சி என்பர். நம் ஊரார் அதற்குக் கள்ளி என்று பெயர் வைத்தார்கள்.

இரவு மூச்சைக் கண்டறிந்த கதையிலும் ஒரு கள்ளி இருக்கிறது, அதுவும் இந்திய மண்ணில். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலர் பெஞ்சமின் ஹைன், ஒரு செடியின் இலையைக் காலையில் மென்றபோது கடும் புளிப்பும், நண்பகலில் சுவையின்மையும், மாலையில் கசப்பும் கண்டார். இதைக் கடிதமாக லண்டன் லின்னேயன் கழகத்துக்காரரான லாம்பர்ட்டுக்கு எழுதினார். 1815இல் அது அச்சானது. வறள்நிலச் செடிகளின் இரவு அமிலம் பற்றிய ஆராய்ச்சி வரலாறு எழுதுபவர்கள் இன்றும் இந்தக் கடிதத்தை எடுத்துக்காட்டுவார்கள். அவர் மென்ற செடி பிரயோபில்லம், நம் ரணகள்ளி. இலையிலேயே குட்டி முளைக்கும் அந்தச் செடிக்கு முள்ளும் இல்லை, பாலும் இல்லை, தண்டும் பருக்கவில்லை. சதைப்பற்று ஒன்றுதான் வெளியே தெரியும் ஒற்றுமை. அதை வைத்துக் கள்ளி என்றார்கள். உள்ளே நடக்கும் வேலையும் ஒன்றே என்பது பிறகு தெரியவந்தது. பெயர் முந்திக்கொண்டது என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

இந்தப் பெயர் கடல் கடந்த கதை இன்னும் சுவையானது. கொச்சியில் டச்சுக் கம்பெனியின் ஆளுநராக இருந்த ஹென்றிக் வான் ரீடு, இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் துணையோடும் கொங்கணி வைத்தியர்களின் துணையோடும் தொகுத்த ஹோர்ட்டஸ் மலபாரிகஸ் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதன் இரண்டாம் தொகுதியில் சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருக்கள்ளி ஆகிய மூன்றும் படத்தோடும் உள்ளூர்ப் பெயரோடும் அடுத்தடுத்து இடம்பெற்றன. 1753இல் உலகச் செடிகளுக்கெல்லாம் இருசொற் பெயர் வைத்த லின்னேயஸ், அந்தப் படங்களையும் பார்த்தே நம் கள்ளிகளை எழுதினார். மூன்றில் ஒன்றுக்கு மட்டும் உள்ளூர்ப் பெயரை அப்படியே வைத்தார்: யூபோர்பியா திருக்கள்ளி. நாம் கொம்புக்கள்ளி என்று வேலியில் வைத்திருப்பது அதுதான். அதன் பிறப்பிடம் ஆப்பிரிக்கா என்பதே பெரும்பாலான தாவரவியலாரின் கருத்து. எந்தக் காலத்திலோ நம் கரைக்கு வந்து, வேலியாகி, நம் பெயரை வாங்கிக்கொண்டு, அந்தப் பெயரோடு அறிவியலில் புகுந்து, இன்று கென்யாவின் உலர்தாவரச் சேகரிப்புகளிலும் அதே பெயரில் கிடக்கிறது.

இலைக்கள்ளிக்கும் சதுரக்கள்ளிக்கும் லின்னேயஸ் லத்தீன் அடைகளைக் கொடுத்தார். சதுரக்கள்ளிக்குக் கொடுத்தது அன்டிகோரம், அதாவது பழையோருடையது. காரணம் ஒரு பழங்கதை. வட ஆப்பிரிக்காவின் மவுரித்தேனியாவை ஆண்ட இரண்டாம் ஜூபா மன்னர், மருந்துப் பால் தரும் ஒரு செடிக்குத் தம் வைத்தியர் யூபோர்பஸின் பெயரைச் சூட்டினார் என்று பிளினி எழுதுகிறார். அந்தப் பழைய மருந்துச்செடி நம் சதுரக்கள்ளிதான் என்று லின்னேயஸ் எண்ணிவிட்டார். உண்மையில் மருந்து கிடைத்தது மொராக்கோவின் வேறொரு யூபோர்பியாவிலிருந்து. ஆனால் இந்தத் தவற்றால் விளைந்தது ஒன்று உண்டு. ஏறத்தாழ 2000 இனங்கள் கொண்ட யூபோர்பியா என்ற பேரினப் பெயர் எந்தச் செடியின் மேல் நிலைநிறுத்தப்பட வேண்டும் என்று தாவரவியலார் தேர்ந்தபோது, யூபோர்பியா அன்டிகோரமே மாதிரி இனமாயிற்று. பேரினத்தை எப்படித் துண்டு போட்டாலும் அந்தப் பெயர் சதுரக்கள்ளியோடுதான் போகும். நம் கரட்டடிப் புதருக்கு உலகத் தாவரப் பெயரிடலில் அப்படியொரு இடம்.

சப்பாத்திக்கள்ளிக்கு வருவோம். அமெரிக்காவிலிருந்து ஐரோப்பியர் கப்பலில் வந்த இதற்கு நம்மவர் புதுப்பெயர் தேடவில்லை. பழைய கள்ளியின் முன்னால் ஓர் அடையை வைத்தார்கள். அந்த அடை கோதுமைச் சப்பாத்தியா? தட்டையாக, வட்டமாக இருப்பதால் அப்படித் தோன்றும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. போர்ச்சுகீசிய மொழியில் காலணிக்குச் சப்பாத்து. அந்தச் சொல் தமிழில் நெடுங்காலம் வழங்கியது, ஈழத்தில் இன்றும் வழங்குகிறது. செடியின் ஒவ்வொரு தட்டையும் ஓர் அடித்தோல் வடிவம். மேட்டூருக்கு அப்பால் கன்னடம் பேசும் ஊர்களில் இதே செடிக்குப் பாப்பாசுகள்ளி என்று பெயர். பாப்பாசு, பாரசீகம் வழியாக வந்த செருப்பு. இரண்டு மொழிக்காரர்களும் ஒரே வடிவத்தைக் கண்டு, ஆளுக்கொரு அயல்மொழியிலிருந்து செருப்பை எடுத்துக் கள்ளியின் முன் வைத்திருக்கிறார்கள். சப்பாத்து பிறகு நாவில் திரிந்து சப்பாத்தி ஆயிற்று என்பதே என் முடிபு. தெலுங்கரும் இதே வழியில்தான் போனார்கள். அவர்களின் பழைய ஜெமுடு, புதுச்செடிக்கு நாகஜெமுடு ஆயிற்று, நாகதாளி என்ற நம் மறுபெயரைப் போலப் படமெடுத்த பாம்பை நினைத்து. மூன்று மொழியிலும் பழைய யூபோர்பியாவின் பெயர் புதிய கேக்டஸுக்குப் போயிருப்பது தற்செயலாக இருக்க முடியாது.

இந்தச் செடி பரவியதில் செவ்வண்ணச் சாய ஆசைக்கும் பங்குண்டு. கேக்டஸில் வாழும் கொச்சினில் பூச்சியிலிருந்து சாயம் எடுக்கலாம் என்று சென்னையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1780களில் சைதாப்பேட்டையில் தோட்டமே போட்டார். 1795இல் கேப்டன் நீல்சன் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது வேறொரு பூச்சியினம். சாயம் தேறவில்லை. அந்தப் பூச்சி ஒருவகைக் கேக்டஸைத் தின்று தீர்த்தது. கடும் முள் கொண்ட மற்றொரு வகையைத் தொடவில்லை. அது தென்னாட்டு மேய்ச்சல் நிலங்களில் கட்டுக்கடங்காமல் பரவியது. 1926இல் இலங்கையிலிருந்து தருவித்த டாக்டைலோபியஸ் ஒபன்ஷியே என்னும் பூச்சிதான் சில ஆண்டுகளில் அதைப் பெருமளவு அழித்தது. இன்று நம் கரடுகளில் சப்பாத்திக்கள்ளி திட்டுத் திட்டாக மட்டும் நிற்பதற்குக் காரணம் அந்த வெள்ளைப் பஞ்சுப் பூச்சி.

யூபோர்பியாக் கள்ளியைக் கேக்டஸிலிருந்து பிரித்தறிய நகத்தால் கீறினால் போதும். சப்பாத்திக்கள்ளியில் வழவழப்பான நீர் கசியும். கள்ளியில் பால் பீறிடும். புண்ணை உடனே அடைக்கவும், கடிக்க வரும் பூச்சியையும் ஆட்டையும் விரட்டவும் பரிணாமம் கொடுத்த பால் அது. அதிலுள்ள டைடெர்பீன் எஸ்டர்கள் தோலைக் கொப்புளமாக்கும், கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். ஆடு வாய்வைக்காத காரணத்தால்தான் கள்ளி வேலியாயிற்று. இந்தப் பாலைப் பற்றி எழுதும்போது எங்கள் மாவட்டத்தில் அந்தச் சொல் சுமந்த இன்னொரு பொருளை விட்டுவிட முடியாது. கள்ளிப்பால் என்பது பெண்சிசுக் கொலையின் பெயராக ஒரு காலத்தில் புழங்கியது. 1992இல், பெற்றோர் கைவிடும் பெண்குழந்தைகளை அரசே ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் முதன்முதலாகச் சேலத்தில் தொடங்கப்பட்டது அதனால்தான். ஆட்டுக்கு எதிராகச் செடி வளர்த்துக்கொண்ட நஞ்சை மனிதர்கள் பச்சைக் குழந்தையின் வாயில் வைத்தார்கள். அந்தச் சொல்லைச் சாதாரணமாகச் சொல்ல முடியாத தாய்மார்கள் இன்னும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள்.

பெயர் சேர்க்காமல் விட்ட உறவுகளையும் பார்க்க வேண்டும். வயல் வரப்பில் தரையோடு படரும் அம்மான்பச்சரிசி, கள்ளியின் அதே யூபோர்பியா பேரினம். பால் உண்டு, மூன்றறைக் காய் உண்டு. ஆனால் அது வறட்சிக்கு வேறு வழி கண்டது. கம்பும் சோளமும் செய்வதுபோல், கரியமிலவாயுவைச் செறிவாக்கும் நாற்கரிம முறையைப் பிடித்துக்கொண்டு பகலிலேயே வேகமாக வளர்ந்து, மழை ஓய்வதற்குள் விதைத்து முடித்துவிடுகிறது. ஒரே பேரினத்துக்குள் இத்தனை வழிகள் தோன்றியது தாவர உலகில் அரிது. எங்கள் சமவெளியின் பொருளாதாரமே இந்த ஆமணக்குக் குடும்பத்தின் மேல் நிற்கிறது என்றும் சொல்லலாம். ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, கள்ளிக்கு உறவு. ஆமணக்கும் உறவு. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் ஆராய்ச்சி நிலையம் இந்த இரண்டு பயிர்களுக்கானது. குச்சிக்கிழங்குக் காட்டின் வேலியில் கள்ளி நிற்கும்போது, ஒரே குடும்பம் உள்ளேயும் வெளியேயும் நிற்கிறது. ஊரார் இவற்றைக் கள்ளி என்று சொல்வதில்லை. அவர்கள் பெயர் வைத்தது பிறப்பைப் பார்த்து இல்லை, பிழைக்கும் வகையைப் பார்த்து.

கள்ளிமுளையான் என்ற பெயரில் இன்னொரு செய்தியும் உண்டு. அதைக் கள்ளியின் அடியில் முளைப்பது என்றே நான் வாசிக்கிறேன். ஆடு நுழையாத முட்புதரின் நிழலில், ஈரம் சற்றே நிற்கும் மண்ணில், இந்தச் சின்னச் செடி தப்பிப் பிழைக்கிறது. தனக்கு முள்ளும் கடும் பாலும் இல்லாததால் அடுத்தவர் முள்ளை அண்டி நிற்கிறது. மேய்ச்சல்காரர் பசிக்கு அதைப் பச்சையாகத் தின்பார்கள், வீட்டில் துவையல் அரைப்பார்கள். அறிவியலில் அதன் பேரினப் பெயர் காரலூமா. அது தாவரவியலர் ராக்ஸ்பர்க் குறித்துவைத்த தெலுங்குப் பெயரிலிருந்து வந்தது. செடிக்கும் செடிக்கும் உள்ள இந்த அண்டலைத் தமிழ்ப் பெயர் சொல்கிறது, லத்தீன் வழிச் சென்ற பெயர் சொல்லவில்லை. கள்ளி வேலிகளைப் பொக்லைன் வைத்துப் பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி போடும் இடங்களில், கள்ளியோடு முளையானும் போகும். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

சொல் இன்னும் வேலையை முடிக்கவில்லை. சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டு உழவர்கள் கல்தூணில் ஏற்றி டிராகன் பழம் வளர்க்கிறார்கள். அதுவும் மத்திய அமெரிக்கக் கேக்டஸ்தான். 2021 ஜனவரியில் குஜராத் அரசு அதன் பெயரைக் கமலம் என்று மாற்றியது, பழத்தின் தோற்றத்தில் தாமரையைக் கண்டு. கடைக்காரரும் வாங்குபவரும் பழத்தைப் பார்க்கிறார்கள். காட்டில் அதற்குத் தண்ணீர் விடுபவர் பார்ப்பதோ தண்டை: மூன்று விளிம்பு, விளிம்பெல்லாம் முள், இலை இல்லை. சதுரக்கள்ளியைத் தெரிந்த யாரும் அதைக் கள்ளி என்றுதான் சொல்வார்கள்.